வண்ணமிடுவதா, வரைவதா? பதின்வயதினருக்கான ஓவிய விளையாட்டுகளில் எது யாருக்கு?

கைபேசியின் ஆப் ஸ்டோரில் ‘டிராயிங் கேம்’ என்று தேடினால் வருகிற நூற்றுக்கணக்கான செயலிகள் எல்லாம் ஒரே இனம் இல்லை. எண்ணைப் பார்த்து நிறத்தைத் தட்டும் செயலி, நண்பர்களோடு வரைந்து கண்டுபிடிக்கும் ஆட்டம், சதுரப் புள்ளிகளை ஒவ்வொன்றாக வைத்து வரையும் பிக்சல் எடிட்டர், முழு ஓவிய மென்பொருள், கதையோடு வரும் வீடியோ கேம் என்று ஐந்து வகை ஒரே பட்டியலில் கலந்து கிடக்கும். இவற்றோடு காகிதமும் கலர் பென்சிலும் போட்டியில் இருக்கின்றன. ரேட்டிங் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் பெரும்பாலும் எண் பார்த்து நிரப்பும் செயலியில்தான் போய் நிற்போம், ஏனென்றால் அதிகம் பேர் இறக்கிக்கொள்வது அதைத்தான்.

அதைவிட உருப்படியான கேள்விகள் இரண்டு உண்டு. கோட்டை யார் போடுகிறார்? நிறத்தை யார் முடிவு செய்கிறார்? இரண்டையும் செயலியே செய்துவிட்டால் கைக்கு ஓய்வு, ஆனால் கற்பதற்கு ஒன்றும் இல்லை. இரண்டையும் நம்மிடமே விட்டுவிட்டால் வெற்றுத் திரை முன்னால் உட்கார வேண்டும். பதின்வயதில் பலர் வரைவதை விடுவதே அந்த வெற்றுத் திரையால்தான். பதினொன்று, பன்னிரண்டு வயதுவாக்கில் ‘நான் வரைந்தது நிஜம் மாதிரி இல்லையே’ என்ற கணக்கு மனதுக்குள் ஓட ஆரம்பிக்கிறது. அதுவரை பயமில்லாமல் வரைந்த பிள்ளை ‘எனக்கு வரையவே வராது’ என்று நோட்டை மூடிவிடும். ஆகவே இந்த வயதுக்கு விளையாட்டு தேடும்போது பார்க்க வேண்டியது அது எத்தனை பிரஷ் தருகிறது என்பதை அல்ல, என்ன கட்டுப்பாடு போடுகிறது என்பதை. இருபது நொடிதான், நான்கு நிறம்தான், பதினாறு கட்டம்தான் என்று விளையாட்டே எல்லை கட்டிவிட்டால், அழகாக இல்லையென்று யாரும் குறை சொல்ல முடியாது. வரைகிறவரும் தன்னைத்தானே குறை சொல்ல மாட்டார்.

எண் பார்த்து நிரப்புவது

ஹேப்பி கலர் போன்ற செயலிகள் இந்த வகை. படம் பகுதி பகுதியாகப் பிரிக்கப்பட்டிருக்கும், ஒவ்வொன்றிலும் ஒரு எண், கீழே எண் போட்ட நிற வரிசை. எண் 7-ஐத் தொட்டு, 7 என்று போட்ட இடங்களைத் தட்டினால் நிரம்பும். தவறான இடத்தைத் தட்டினால் நிறம் ஏறாது. இதிலேயே இன்னொரு பிரிவில் படம் சின்னச் சின்னச் சதுரங்களாக இருக்கும், விரலை இழுத்துக்கொண்டே போகலாம்.

தப்பே செய்ய முடியாது என்பதுதான் இதன் கவர்ச்சி. பரீட்சைக்குப் படித்துக் களைத்த இரவில் மூளைக்கு இது நல்ல ஓய்வு. 2005-ல் வெளியான ஓர் ஆய்வில் கல்லூரி மாணவர்களை 20 நிமிடம் வண்ணமிட வைத்தார்கள். மண்டலா எனப்படும் வட்டக் கோல வடிவத்துக்கோ கட்டம் போட்ட வடிவத்துக்கோ வண்ணமிட்டவர்களுக்குப் பதற்றம் குறைந்த அளவுக்கு, வெற்றுத் தாளில் இஷ்டம்போல் வண்ணமிட்டவர்களுக்குக் குறையவில்லை. அந்த ஆய்வு காகிதத்தில் நடந்தது, நிறத்தைப் பங்கேற்றவர்களே தேர்ந்தெடுத்தார்கள். எண் பார்த்துத் தட்டும் செயலிக்கு அதை அப்படியே பொருத்திவிடக் கூடாது. ஆனாலும் எல்லை இருந்தால் மனம் அடங்குகிறது என்ற கருத்து இரண்டுக்கும் பொது.

தொல்லை எங்கே என்றால், படம் முடியும் தறுவாயில்தான். கடைசியாக மிஞ்சுவது கண்ணுக்கே தெரியாத இரண்டு மூன்று பகுதிகள். அவற்றைத் தேடிப் பெரிதாக்கிப் பெரிதாக்கிக் கண் வலிக்கும். அப்போது செயலி ‘ஹிண்ட்’ தருகிறேன் என்று ஒரு விளம்பரத்தை ஓட்டும். இதைத் தவிர்க்க, அதிகப் பகுதிகள் உள்ள எண்ணில் தொடங்காமல் மிகச் சிறிய பகுதிகள் உள்ள எண்களை முதலில் முடிக்க வேண்டும். சுற்றிலும் வெள்ளையாக இருக்கும்போது அந்தத் துணுக்குகளின் எண்கள் எளிதாகக் கண்ணில் படும். நிறங்களைப் பிரித்தறிவதில் சிரமம் உள்ளவர்களுக்கும் இந்த வகை வசதி, எண் இருப்பதால் சிவப்பா பச்சையா என்று திணற வேண்டியதில்லை.

ஒரு மாதம் இதையே விளையாடினாலும் கை தேறாது, நிறத்தைப் பற்றிய புரிதலும் வராது. அதை எதிர்பார்த்து இறக்கினால் ஏமாற்றம்தான்.

ஒரு படி மேலே இருப்பவை பிக்மெண்ட், லேக் போன்றவை. கோட்டோவியம் அவர்களுடையது, நிறம் நம்முடையது. தொட்ட பகுதிக்கு வெளியே நிறம் சிந்தாதபடி பூட்டிக்கொள்ளும் வசதியும் இருக்கும். இங்கே உடனே தலைகாட்டும் சிக்கல், எல்லா நிறத்தையும் ஒரே படத்தில் போட்டுவிடுவது. அதற்கு ஒரு விதி வைத்துக்கொண்டு விளையாடலாம்: மூன்று நிறம், கூடவே வெள்ளை, அவ்வளவுதான். மூன்றில் ஒன்று அடர்த்தியாக, ஒன்று வெளிறியதாக, ஒன்று நடுத்தரமாக இருக்க வேண்டும். முடித்ததும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, கைபேசியின் போட்டோ எடிட்டரில் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். பூவும் இலையும் பின்னணியும் ஒரே சாம்பலாகத் தெரிந்தால், வண்ணத்தில் எவ்வளவு பளிச்சென்று இருந்தாலும் அந்தப் படம் தட்டையாகத்தான் இருக்கும். உருவங்களைப் பிரித்துப் பார்க்கக் கண் பெரிதும் நம்புவது வெளிச்ச வேறுபாட்டைத்தான். சிவப்பும் பச்சையும் பெயரில்தான் எதிரெதிர், வெளிச்ச அளவில் பல நேரம் இரட்டைப் பிள்ளைகள். இந்த ஒரு சோதனை கற்றுத்தருவதை எந்த எண் செயலியும் தராது.

காகிதம்: மலிவு என்று தள்ளிவிடாதீர்கள்

திரையில் விளையாடுவதைவிடக் காகிதத்தில் தவறு செய்ய வாய்ப்பு அதிகம். அதனாலேயே கற்பதும் அதிகம். ஆனால் பலர் தோற்பது திறமையால் அல்ல, தாளால்.

பிரின்டரில் போடும் சாதாரணத் தாள் 70, 80 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) கனம். அதில் வாட்டர் பேஸ் ஸ்கெட்ச் பேனாவால் இரண்டு முறை தேய்த்தாலே தாள் நனைந்து, மேற்பரப்பு உருண்டு உருண்டு பிய்ந்து வரும். ஆல்கஹால் மார்க்கர் என்றால் பின்பக்கம் ஊறி அடுத்த தாளிலும் இறங்கும். மார்க்கருக்கு 160 ஜிஎஸ்எம்முக்குக் குறையாத வழவழப்பான தாள் வேண்டும். அப்போதும் ஆல்கஹால் மார்க்கர் ஊறலாம் என்பதால் அடியில் வேண்டாத தாள் ஒன்றை வைத்துக்கொள்வது நல்லது. இருபக்கமும் அச்சிட்ட வண்ணப் புத்தகத்தை வாங்கிக்கொண்டு மார்க்கரோடு உட்கார்ந்தால் பாதிப் படங்கள் வீண். மார்க்கர்தான் பிடிக்கும் என்றால் ஒருபக்கம் மட்டும் அச்சிட்ட புத்தகமாகப் பார்த்து வாங்க வேண்டும்.

கலர் பென்சிலுக்கு நேர் எதிர். தாளில் கொஞ்சம் சொரசொரப்பு வேண்டும். அந்தச் சொரசொரப்பின் பள்ளங்களில்தான் நிறம் தங்குகிறது. முதல் தடவையிலேயே அழுத்தித் தேய்த்துவிட்டால் பள்ளமெல்லாம் மெழுகால் நிரம்பிவிடும், அதன்மேல் வேறு நிறம் ஏறாமல் வழுக்கும். கை தாங்கிய எடையிலேயே மெல்ல ஒரு அடுக்கு, அதற்குக் குறுக்கே இரண்டாவது அடுக்கு, மூன்றாவதில் அடர்ந்த நிறம், எல்லாம் முடிந்தபின் வெள்ளை அல்லது வெளிர் நிறத்தால் அழுத்தித் தேய்த்து மெருகேற்றுவது என்பது வரிசை. மெழுகு அதிகமுள்ள பென்சிலில் அழுத்தி வரைந்த அடர் நிறங்கள் சில நாளில் வெண்படலம் போர்த்தது மாதிரித் தெரியும். பயப்பட வேண்டாம், மெழுகு மேலே வந்திருக்கிறது. மெல்லிய துணியால் லேசாகத் துடைத்தால் போய்விடும்.

எத்தனை நிறம் வாங்கலாம்? 24 போதும். 120 நிறப் பெட்டி பரிசாக வந்தால் சந்தோஷப்படலாம், தானாக வாங்க வேண்டியதில்லை. அதில் தேர்ந்தெடுப்பதே ஒரு வேலையாகிவிடும். எந்தப் பெட்டியானாலும் முதல் வேலை, பயன்படுத்தப் போகும் அதே தாளில் ஒவ்வொரு நிறத்தையும் சின்னக் கட்டமாகப் பூசி எண் எழுதி வைப்பது. மார்க்கரின் மூடியில் இருக்கும் நிறமும் தாளில் விழும் நிறமும் பல நேரம் ஒன்றாக இருக்காது.

வெளிக்கோட்டுக்குப் பேனா எடுத்தால் கவனம். சாதாரண ஜெல் பேனா மேல் ஆல்கஹால் மார்க்கர் ஓடினால் கோடு கரைந்து, மார்க்கரின் முனையும் கறுத்துவிடும். ‘ஆல்கஹாலில் கரையாது’ என்று போட்டிருக்கும் நிறமி மை ஃபைன்லைனர் (மெல்லிய முனைப் பேனா) வேண்டும், கோடு போட்டபின் சில நிமிடம் காயவும் விட வேண்டும். அது கிடைக்காவிட்டால் வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள்: பென்சிலில் லேசாக வரைந்து, வண்ணமிட்டு, கடைசியில் கோடு. இன்க்ஜெட் பிரின்டரில் எடுத்த கோட்டோவியத்தில் வாட்டர் பேஸ் பேனா பட்டாலும் இதே கதை நடக்கலாம். எந்த அச்சானாலும் ஓரத்தில் ஒரு சின்னக் கோடு இழுத்துப் பார்த்துவிட்டு இறங்குங்கள்.

காகிதத்தில் வண்ணப் புத்தகம் தவிர வேறு ஆட்டங்களும் உண்டு. கூட்டமாக இருந்தால் சிறந்தது மடிப்புப் பட ஆட்டம். 1925-ல் பாரிஸில் சர்ரியலிஸ்ட் (கனவு போன்ற விசித்திரங்களைப் படைத்த) ஓவியர்களும் கவிஞர்களும் விளையாடியது. தாளை நீளவாக்கில் நிறுத்தி மூன்றாக மடிக்க வேண்டும். முதல் ஆள் மேல் பகுதியில் தலை வரைகிறார். கழுத்தின் இரண்டு கோடுகளை மட்டும் மடிப்பைத் தாண்டி அரை சென்டிமீட்டர் கீழே இழுத்துவிட்டு, தலை தெரியாதபடி மடித்துக் கொடுக்கிறார். அடுத்தவர் அந்த இரண்டு கோட்டிலிருந்து உடம்பைத் தொடங்குகிறார், மூன்றாமவர் கால். பிரித்துப் பார்த்தால் ஆந்தைத் தலையும் டிராக்டர் உடம்பும் தவளைக் காலுமாக ஒன்று நிற்கும். இது சொதப்பும் இடங்கள் இரண்டு. மார்க்கரில் வரைந்தால் ஊறி ரகசியம் வெளியாகிவிடும், அதனால் பென்சில் அல்லது பால்பாயின்ட். கழுத்துக் கோட்டை இழுக்க மறந்தால் தலை ஒரு மூலையிலும் உடம்பு இன்னொரு மூலையிலும் போய்விடும். பிரித்தபின் மூன்று பேரும் சேர்ந்து மூன்றே நிறத்தில் வண்ணமிடுங்கள், சம்பந்தமில்லாத மூன்று துண்டுகள் ஒரே உயிரினமாகிவிடும்.

தனியாக இருந்தால் கிறுக்கல் ஆட்டம். கண்ணை மூடிக்கொண்டு ஒரே இழுப்பில் ஒரு கிறுக்கல், பிறகு தாளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து அதில் ஒரு விலங்கைக் கண்டுபிடித்து, கண், கால், வால் சேர்ப்பது. ‘என்ன வரைவது’ என்ற கேள்வியே இங்கே எழாது.

வரைந்து கண்டுபிடிக்கும் ஆட்டங்கள்

‘எனக்கு வரைய வராது’ என்று சொல்லும் பிள்ளைக்கு எது என்று கேட்டால் எங்கள் பதில் இதுதான். கோடும் நம்முடையது, நிறமும் நம்முடையது, ஆனால் நேரம் இல்லை. அதனால் மோசமாக வரைவதுதான் விளையாட்டின் சிரிப்பே.

ஸ்கிரிப்பிள்.ஐஓ பிரவுசரிலேயே ஓடும், எதையும் இறக்க வேண்டாம். ஒருவர் கொடுத்த சொல்லை வரைவார், மற்றவர்கள் சாட்டில் விடையைத் தட்டச்சு செய்வார்கள். சீக்கிரம் சொன்னவருக்கு அதிகப் புள்ளி. தனி அறை உருவாக்கினால் நேரம், சுற்றுகள், சொற்கள் எல்லாவற்றையும் நாமே வைக்கலாம். வழக்கமான 80 நொடியை 50 ஆகக் குறைத்தால் ஆட்டம் சூடுபிடிக்கும், ஏனென்றால் பலர் முதல் இருபது நொடியை யோசித்தே கழிப்பார்கள். சொந்தச் சொற்பட்டியல் கொடுக்கும்போது விடை எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும் என்பதை மறக்கக் கூடாது. இரண்டு விதமாக எழுதப்படும் சொற்களையும் இடைவெளி வரும் சொற்களையும் தவிர்த்துவிடுங்கள். இல்லையென்றால் எல்லோரும் சரியாகச் சொல்லியும் புள்ளி கிடைக்காமல் சண்டை வரும்.

கார்ட்டிக் போன் வேறு மாதிரி. எல்லோரும் ஒரு வாக்கியம் எழுதுவார்கள். அது அடுத்தவரிடம் போகும், அவர் அதை வரைவார். அந்தப் படம் மட்டும் மூன்றாமவரிடம் போகும், அவர் அதைப் பார்த்து வாக்கியம் எழுதுவார். இப்படிச் சுற்றிவந்து கடைசியில் முழுச் சங்கிலியும் திரையில் ஓடும்போதுதான் வயிறு வலிக்கச் சிரிப்பு. எத்தனை பேர் இருக்கிறார்களோ அத்தனை திருப்பங்கள் வரும் என்பதால் நான்கு பேருக்கு இது சப்பென்று முடியும், பதினைந்து பேருக்கு இழுத்துக்கொண்டே போகும். ஆறு முதல் பத்துப் பேர் கச்சிதம். மெதுவாக வரையும் ஒருவருக்காக மற்ற எல்லோரும் காத்திருக்க நேர்வதால் நேர அளவை ‘வேகம்’ பக்கமே வையுங்கள். நான்கு பேர்தான் இருக்கிறீர்கள் என்றால் ஸ்கிரிப்பிளுக்கே போய்விடலாம்.

எல்லோரும் ஒரே அறையில் இருந்தால் ஜாக்பாக்ஸ் நிறுவனத்தின் டிராஃபுல் பொருந்தும். டிவி அல்லது கணினியில் ஆட்டம் ஓடும், மற்றவர்கள் கைபேசி பிரவுசரில் குறியீட்டைப் போட்டு நுழைவார்கள். ஒருவர் வாங்கியிருந்தால் போதும், மூன்று முதல் எட்டுப் பேர் ஆடலாம். வரைந்த படத்துக்கு ஆளுக்கொரு போலித் தலைப்பு எழுதி, எது உண்மையான தலைப்பு என்று கண்டுபிடிக்க வேண்டும். வரைவதைவிடப் பேச்சில் கெட்டிக்காரர்கள் ஜெயிக்கும் ஆட்டம் இது. வண்ணத்துக்கு இங்கே பெரிய வேலை இல்லை.

ஆளே இல்லாவிட்டால் கூகுளின் குயிக், டிரா! 2016-ல் வந்தது. ஆறு சொற்கள், ஒவ்வொன்றுக்கும் 20 நொடி, எதிரே கணினி ‘இது படகா, செருப்பா’ என்று கேட்டுக்கொண்டே இருக்கும். அதைப் பொழுதுபோக்கு என்று மட்டும் நினைக்க வேண்டாம். யானைக்கு எந்த நான்கு கோடு போட்டால் யானை என்று தெரியும் என்பதைக் கை இங்கே கற்கிறது. தும்பிக்கையை முதலில் போடுகிறவருக்கு ஐந்தாவது நொடியிலேயே விடை வந்துவிடும், வயிற்றிலிருந்து ஆரம்பித்தவருக்குக் கடைசிவரை வராது. ஸ்கிரிப்பிளிலும் ஜெயிக்கிற உத்தி இதுதான்: வெளிக்கோட்டை விட்டுவிட்டு அடையாளத்தை முதலில் போடு.

இந்த வகையின் இருண்ட பக்கம் பொது அறைகள். முகம் தெரியாதவர்கள் ஆபாசமாக வரைவதும் சாட்டில் திட்டுவதும் அங்கே சாதாரணம். தனி அறை இணைப்பை நண்பர்களுக்கு மட்டும் அனுப்பி விளையாடுவதைத் தவிர வேறு வழியைப் பரிந்துரைக்க முடியாது. அந்த இணைப்பைப் பொதுவில் ஒட்டினாலும் அந்நியர் நுழைந்துவிடுவார்கள். படத்துக்குப் பதிலாக எழுத்தையே எழுதி ஏமாற்றுவதும் உண்டு, முதலிலேயே எழுத்தும் எண்ணும் கூடாது என்று பேசிக்கொள்ளுங்கள்.

பிக்சல் ஓவியம்

கணினியும் மவுஸும் மட்டும் இருக்கிறது, ஆனால் கொஞ்சம் கற்கவும் வேண்டும் என்றால் இதைவிடச் சிறந்தது இல்லை. கை நடுக்கம் இங்கே பிரச்சினையே இல்லை. ஒவ்வொரு புள்ளியையும் யோசித்து வைப்பதுதான் வேலை. பிஸ்கெல் இலவசம், பிரவுசரில் ஓடும். ஏஸ்ப்ரைட் கட்டணம் உள்ளது, லிப்ரேஸ்ப்ரைட் அதிலிருந்து பிரிந்த இலவச மென்பொருள். தொடங்க பிஸ்கெல் போதும்.

16×16 கட்டத்தில் ஆரம்பியுங்கள், மொத்தம் 256 சதுரம். 64×64-ல் தொடங்குகிறவர்கள் பாதியில் விட்டுவிடுவார்கள், சதுரம் 4,096 ஆகிவிடுகிறது. நிறம் நான்கு. 1989-ல் வந்த கேம் பாய் என்ற கையடக்க விளையாட்டுக் கருவியின் திரை காட்டியது நான்கு சாயல்தான், அதில் எத்தனையோ உலகங்களைக் கட்டினார்கள்.

காளான் ஒன்றை எடுத்துக்கொள்வோம். முதலில் அடர் நிறத்தில் முழு உருவத்தையும் நிழலாக நிரப்புங்கள், உள்விவரம் எதுவும் வேண்டாம். நிழலைப் பார்த்தே காளான் என்று தெரியவில்லை என்றால் கண்ணும் புள்ளியும் வைத்தும் காப்பாற்ற முடியாது. பிறகு ஓரத்தில் ஒரு பிக்சல் விட்டு உள்ளே நடுநிறம். ஒளி இடது மேலிருந்து வருகிறது என்று வைத்து, குடையின் இடது மேல்புறத்தில் மட்டும் வெளிர் நிறம், வலது கீழே நிழல். புதியவர்கள் செய்யும் பிழை, எல்லா ஓரத்திலும் நிழலும் நடுவில் வெளிச்சமும் வைப்பது. அப்படி வைத்தால் எந்தப் பொருளும் தலையணை போல உப்பித் தெரியும். நிழலுக்கு அதே நிறத்தைக் கறுப்பாக்காமல் சற்று நீலம் அல்லது ஊதாப் பக்கம் நகர்த்துங்கள், வெளிச்சத்தை மஞ்சள் பக்கம். நான்கே நிறத்தில் இருந்த படம் சட்டென்று உயிர் பெறும்.

குடையின் வளைவு கரடுமுரடாகத் தெரிந்தால் படிக்கட்டுகளை எண்ணிப் பாருங்கள். 5, 3, 2, 1, 1 என்று சீராகக் குறைந்தால் வளைவு. 5, 1, 3, 1 என்று ஏறி இறங்கினால் அதுதான் பல்லிளிக்கிறது.

பகிரும்போது இன்னொரு விபத்து. 16×16 படத்தை அப்படியே அனுப்பினால் மங்கிய பொட்டாகத் தெரியும். ஏற்றுமதி செய்யும்போதே 10 மடங்கு, 20 மடங்கு என்று முழு எண்ணால் பெரிதாக்க வேண்டும். பெரிதாக்கும் முறையில் ‘நியரஸ்ட் நெய்பர்’ என்பதைத் தேர்ந்தெடுத்தால்தான் ஓரங்கள் கூர்மையாக நிற்கும். கோப்பு பிஎன்ஜி ஆக இருக்கட்டும், ஜேபெக் ஒவ்வொரு ஓரத்திலும் அழுக்குப் பூசிவிடும்.

முழு ஓவியச் செயலிகள்

ஐபிஸ் பெயின்ட், மெடிபாங், கிரிட்டா, புரோகிரியேட், கிளிப் ஸ்டுடியோ பெயின்ட். இவை கருவிகள், விளையாட்டுகள் அல்ல. விளையாட்டாக்குவது நாம்தான். கைபேசிக்கு ஐபிஸ் பெயின்ட் போதும், இலவசப் பதிப்பில் விளம்பரம் வரும். கணினிக்கு கிரிட்டா, இலவசம், விளம்பரமும் இல்லை. ஐபேடு ஏற்கெனவே வீட்டில் இருந்தால் புரோகிரியேட், ஒருமுறை வாங்கினால் போதும், மாதச் சந்தா கிடையாது. அதற்காகவே ஐபேடு வாங்குவது ஒரு வருடமாவது தொடர்ந்து வரைந்தவருக்குத்தான் நியாயம்.

இங்கே வண்ணமிடும்போது எல்லோரும் மாட்டும் இடம் ஒன்றுதான். கோடு வரைந்து, பக்கெட்டால் (ஒரே தட்டில் இடத்தை நிரப்பும் கருவி) நிறத்தைக் கொட்டினால், ஒன்று முழுத் திரையும் நிரம்பிவிடும், அல்லது கோட்டை ஒட்டி வெள்ளையாக ஒரு கீற்று மிஞ்சும். முதலாவதற்குக் காரணம் கோட்டில் எங்கோ ஒரு சின்ன இடைவெளி. பக்கெட்டின் அமைப்பில் இடைவெளியைக் கண்டுகொள்ளும் வசதி இருந்தால் அதைக் கூட்டுங்கள், இல்லையென்றால் பெரிதாக்கி மூடுங்கள். இரண்டாவதற்குக் காரணம், கோட்டின் ஓரங்கள் மென்மையாகத் தெரிய வேண்டும் என்று மென்பொருள் அரைகுறைச் சாம்பல் பிக்சல்களை வைத்திருப்பது. பக்கெட் அவற்றைக் கோடு என்று நினைத்து நின்றுவிடுகிறது. தீர்வு: கோடு ஒரு லேயரில் (ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கும் கண்ணாடித் தாள் போன்ற அடுக்கு) மேலே, நிறம் தனி லேயரில் கீழே, பக்கெட்டின் ‘விரிவாக்கம்’ 1 அல்லது 2 பிக்சல். நிறம் கோட்டுக்கு அடியில் நுழைந்துவிடும், கீற்று மறையும். காகிதத்தில் வரைந்து படம் பிடித்த கோடு என்றால் அந்த லேயரை ‘மல்டிப்ளை’ முறையில் வையுங்கள், தாளின் வெள்ளை மறைந்து கோடு மட்டும் நிற்கும்.

கேன்வாஸ் 2000×2000 பிக்சலில் தொடங்கலாம். அச்சிடும் எண்ணம் இருந்தால் ஏ4 அளவுக்கு 2480×3508. நினைவகம் குறைந்த கைபேசியில் இதற்கு மேல் போனால் பிரஷ் திணறும். புரோகிரியேட்டில் கேன்வாஸ் பெரிதாகப் பெரிதாக அனுமதிக்கும் லேயர்களின் எண்ணிக்கையும் குறையும்.

விளையாட்டாக்க நல்ல வழி பகடை. ஆறு விலங்கு, ஆறு தொழில், ஆறு இடம் எழுதி, மூன்று முறை உருட்டுங்கள். ‘தபால்காரராக வேலை பார்க்கும் ஆமை, கடலடியில்’ என்று ஏதாவது விழும், அரைமணி நேரத்தில் முடிக்க வேண்டும். நண்பர்கள் இருந்தால் ஒருவர் வரைந்த கோட்டோவியத்தையே எல்லோரும் தனித்தனியாக வண்ணமிட்டுக் கடைசியில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். மேக்மா, டிராபைல் போன்றவற்றில் ஒரே கேன்வாஸில் பலர் ஒரே நேரத்தில் வரையவும் முடியும். ஆனால் ஆளுக்கொரு லேயர் என்று பிரித்துக்கொள்ளாவிட்டால் அடுத்தவர் படத்தை அழித்துவிட்டு மன்னிப்புக் கேட்க வேண்டிவரும். 2009 முதல் அக்டோபர் மாதம் முழுக்க நாளுக்கொன்றாக மையால் வரையும் இங்க்டோபர் சவால் பிரபலம். பள்ளி நாட்களில் 31 நாள் என்பது பலருக்குப் பாதியில் நின்றுபோகும், ஏழு நாள் பட்டியல் போட்டுக்கொண்டால் முடிக்கும் வாய்ப்பு அதிகம். நெட்டில் கிடைத்த யாரோ ஒருவரின் கோட்டோவியத்துக்கு வண்ணமிட்டுப் பகிர்வதானால், அவர் அனுமதித்திருக்கிறாரா என்று பார்த்து, பெயரையும் போடுங்கள்.

பேனா விஷயத்தில் அவசரம் வேண்டாம். ரப்பர் முனை ஸ்டைலஸ் விரலைவிடப் பெரிதாக எதையும் செய்துவிடாது, அதன் முனை பருமன் என்பதால் எங்கே கோடு விழும் என்று தெரியாது. அழுத்தத்துக்கேற்பக் கோடு தடிக்க வேண்டும், உள்ளங்கை பட்டால் கறை விழக் கூடாது என்றால் அந்தக் கருவிக்கென்றே செய்த பேனாதான் வேலை செய்யும். வாங்குமுன் உங்கள் மாடல் பொருந்துமா என்று பாருங்கள். திரை இல்லாத டிராயிங் டேப்லெட்டைக் கணினியில் இணைத்தால் முதல் வாரம் கை ஒரு பக்கம், கண் ஒரு பக்கமாகத் தடுமாறும். அது எல்லோருக்கும் நடப்பது, பழகினால் சரியாகும். டேப்லெட்டை உடம்புக்கு நேராக வைக்காமல் சாய்த்து வைத்தால் எல்லாக் கோடும் சாய்ந்தே போகும்.

கதையோடு வருபவை

இவை பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். 2021-ல் வந்த சிக்கரி, நிறமிழந்த உலகத்துக்கு மாயப் பிரஷ்ஷால் வண்ணமிட்டுக்கொண்டே நகரும் விளையாட்டு. கலைஞருக்கு வரும் தாழ்வு மனப்பான்மையை இவ்வளவு நேர்மையாகப் பேசும் விளையாட்டுகள் குறைவு, பதினைந்து வயதுக்கு மேல் மனதில் நன்றாக ஒட்டும். 2017-ன் பாஸ்பார்ட்டூவில் நாம் வரைந்த படத்தை வாடிக்கையாளர்கள் வாங்குவார்கள் அல்லது முகம் சுளிப்பார்கள். இரண்டு மாலைப் பொழுதுக்கு வேடிக்கை, அதற்கு மேல் அதே சிரிப்பு. வரையும் திறமைக்காக இவற்றை வாங்க வேண்டாம், கதைக்காக வாங்கலாம்.

எங்கிருந்து தொடங்குவது

வரையத் தயங்குகிறவருக்கு குயிக், டிரா!வில் ஒரு வாரம், பிறகு நண்பர்களோடு ஸ்கிரிப்பிள். தனிமை விரும்புகிறவர், பொறுமைசாலி என்றால் நேராகப் பிக்சல். ஓய்வு மட்டும் போதும் என்றால் எண் செயலி தப்பில்லை, ஆனால் திரையைப் பார்த்தே களைத்தவருக்கு 24 பென்சிலும் நல்ல தாளும் அதைவிட மேல். ஏற்கெனவே நோட்டின் ஓரமெல்லாம் கிறுக்கிக்கொண்டிருப்பவருக்கு ஐபிஸ் பெயின்ட் அல்லது கிரிட்டாவைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளலாம்.

எதில் வரைந்தாலும் படங்கள் எங்கே சேமிக்கப்படுகின்றன என்பதை முதல் நாளே பாருங்கள். ஐபிஸ் பெயின்ட், புரோகிரியேட் இரண்டிலும் செயலியை நீக்கினால் கருவியில் இருக்கும் படங்களும் சேர்ந்து போய்விடும். பிஸ்கெல் பிரவுசரின் நினைவில் வைத்திருப்பதைப் பிரவுசர் டேட்டாவை அழிக்கும் ஒரு தட்டு துடைத்துவிடும். வாரத்துக்கு ஒருமுறை, லேயரோடு கூடிய மூலக் கோப்பை ஒன்றும் பிஎன்ஜி பிரதி ஒன்றுமாக வேறு இடத்தில் போட்டுவையுங்கள். மூலக் கோப்பு இல்லாமல் பிஎன்ஜி மட்டும் இருந்தால் கோட்டையும் நிறத்தையும் பிறகு பிரிக்க முடியாது.